தமிழரசன்: கேள்வியும் துப்பாக்கியும்

தமிழரசன் 1945 ஏப்ரல் 14 அன்று, இன்றைய கடலூர், அரியலூர் மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடும் பகுதியில் உள்ள மதகளிர்மாணிக்கம் என்ற கிராமத்தில் பிறந்தார். 1987 செப்டம்பர் 1 அன்று, அங்கிருந்து அதிக தூரமில்லாத பொன்பரப்பியில், ஒரு வங்கிக் கொள்ளை முயற்சியின்போது ஊர்க்கூட்டம் அடித்ததில் இறந்தார். அவருடன் மேலும் நால்வர் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 42. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர், நக்சல்பாரி, சிறைவாசி, தமிழ்நாடு விடுதலைப் படையின் நிறுவனர், தமிழ்நாட்டின் சாதி அமைப்பைப் பற்றிக் கூர்மையான அறிக்கை ஒன்றைத் தந்தவர், 25 ரயில் பயணிகளின் சாவுக்குக் காரணமான இயக்கத்தின் தலைவர் என இந்த அடையாளங்கள் அனைத்தும் அந்த ஒரே மனிதரைச் சேரும். எதையும் விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

கர்நாடக எல்லையை ஒட்டிய கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்தில் தமிழரசனின் பெயரைவிட அவர் தொடங்கிய படையின் பெயரே பலருக்கு நினைவிருக்கும். 2000-ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் கடத்தியபோது, காட்டிலிருந்து வந்த ஒலிநாடாக்களில் அந்தப் படையின் குரலும் சேர்ந்தே ஒலித்தது. வெற்றிமாறனின் 'விடுதலை' படத்தின் முதல் பாகம் 2023-லும் இரண்டாம் பாகம் 2024-லும் வந்த பிறகு, ரயில் குண்டுவெடிப்பும் 'வாத்தியார்' பாத்திரமும் யாரை நினைத்து எழுதப்பட்டவை என்ற பேச்சில் தமிழரசன் பெயரும் அவருடைய தோழர் புலவர் கலியபெருமாள் பெயரும் மறுபடி அடிபட்டன.

முந்திரிக்காட்டு மண்

பெண்ணாடம், ஆண்டிமடம், செந்துறை, செயங்கொண்டம் வட்டாரம் காவிரிப் பாசனம் எட்டாத மேட்டுநிலம். முந்திரி, மல்லாட்டை, கம்பு, சோளம், தண்ணீர் கிடைத்த இடத்தில் கரும்பு. மழை பொய்த்தால் கடன், கடன் மூத்தால் அடமானம், அடமானம் மூழ்கினால் கூலி. இங்கே பெரும்பான்மை உழைப்பாளிகள் இரண்டு சாதியினர்: வன்னியரும் பறையரும். ஒரே வயலில் கூலிக்கு இறங்குபவர்கள், மாலையில் ஊருக்கும் சேரிக்குமாகத் தனித்தனியே பிரிந்து போவார்கள். தமிழரசன் பின்னாளில் எழுதியும் பேசியும் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் பிரிவுதான்.

அவர் கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் இரண்டு நிகழ்வுகள் இடதுசாரி இளைஞர்களை உலுக்கின. 1967 மே மாதம் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் நிலம் கேட்ட உழவர்கள்மீது காவல்துறை சுட்டதில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 11 பேர் இறந்தனர். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். வழக்கின் முதன்மை எதிரியான நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். சட்டத்தின் மீதான நம்பிக்கை அந்தத் தலைமுறையில் எங்கே முறிந்தது என்று தேடுவோர் கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது.

1969 ஏப்ரல் 22 அன்று சாரு மஜும்தார் தலைமையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிய-லெனினிய) உருவானது. கல்லூரிகளை விட்டுக் கிராமங்களுக்குப் போங்கள் என்று அவர் மாணவர்களை அழைத்தார். தமிழ்நாட்டில் அந்த அழைப்பைக் கேட்டுப் படிப்பை உதறியவர்களில் தமிழரசனும் ஒருவர். அவர் போய்ச் சேர்ந்த இடம் சொந்த மண். சேர்ந்த ஆள் பெண்ணாடத்துத் தமிழாசிரியர் புலவர் கு. கலியபெருமாள்.

1924-இல் சௌந்தரசோழபுரத்தில் பிறந்த கலியபெருமாள், திராவிட இயக்கத்தின் சுயமரியாதைப் பேச்சில் வளர்ந்து, கம்யூனிஸ்டாகி, கரும்பு விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளர்களையும் திரட்டியவர். அந்த வட்டாரத்தில் அவருக்கு 'வாத்தியார்' என்ற மரியாதை இருந்தது. இருபது ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் சேர்ந்த அந்த மரியாதை, ஒரே நாளில் வேறு கதையானது. 1970 பிப்ரவரி 20 அன்று அவருடைய தென்னந்தோப்பில் வெடிகுண்டு செய்துகொண்டிருந்தபோது அது கையிலேயே வெடித்தது. தோழர்கள் மூவர் அங்கேயே இறந்தனர். காயத்தோடு தப்பிய கலியபெருமாள் தலைமறைவாகி, அடுத்த ஆண்டு பிடிபட்டார். கொலை வழக்கில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மனைவியும் மகன்களும்கூட வழக்கிலும் சிறையிலும் சிக்கினர். தூக்கு பின்னர் ஆயுளாகக் குறைந்தது. 1983-இல்தான் அவர் வெளியே வந்தார்.

நக்சல்பாரிகளைக் கண்காணிக்கவென்றே தமிழகக் காவல்துறையில் கியூ பிரிவு உருவானது அந்த ஆண்டுகளில்தான். கட்சியின் வழி 'அழித்தொழிப்பு': வட்டிக்காரரையும் நிலக்கிழாரையும் தனித்தனியே கொன்றால் மக்கள் பயம் தெளிந்து எழுவார்கள் என்ற கணக்கு. மக்கள் எழவில்லை, போலீஸ் முகாம்கள்தான் எழுந்தன. கூலிச் சங்கம், பஞ்சமி நில மீட்பு, இரட்டைக் குவளை எதிர்ப்பு என வெளிப்படையாகச் செய்ய முடிந்த வேலைகளும் தலைமறைவுக்குள் போய்ச் சுருங்கின. 1972 ஜூலை 28 அன்று சாரு மஜும்தார் கல்கத்தாவில் காவலில் இறந்தார். தமிழரசன் எழுபதுகளின் பெரும்பகுதியைத் தலைமறைவிலும் சிறையிலும் கழித்தார். நெருக்கடிநிலைக் காலத்தில் திருச்சிச் சிறையின் சுவர்களுக்குள் அவர் படித்ததும் விவாதித்ததும்தான் பிற்பாடு கட்சியோடு அவர் முரண்படக் காரணமாயின.

தர்மபுரியில் நடந்தது

இதே காலத்தில் இயக்கத்தின் இன்னொரு களம் வடக்கே விரிந்தது. கெலமங்கலமும் ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்று தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஒருபுறம் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. மறுபுறம் அதே மாவட்டத்தின் தெற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய திருப்பத்தூரிலும் கந்துவட்டிக்கும் டீக்கடை இரட்டைக் குவளைக்கும் எதிராக நக்சல் இளைஞர்கள் கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டனர். நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு வெவ்வேறு காலங்கள் ஓடின என்றே சொல்லலாம்.

1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் குண்டுவெடித்ததில் காவல் ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர்களும் கொல்லப்பட்டனர். அஞ்சலி செலுத்த வந்த முதல்வர் எம்.ஜி.ஆர்., ஆய்வாளரின் சிறு மகள் அழுததைக் கண்டு கலங்கினார். அந்தக் குழந்தையின் பெயரே நடவடிக்கைக்கு வைக்கப்பட்டது: 'ஆபரேஷன் அஜந்தா'. காவல் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த அந்த நடவடிக்கையில் பதினைந்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் 'மோதலில்' சுடப்பட்டதாகக் கணக்கு வந்தது. அவற்றில் பல மோதலே அல்ல என்று மனித உரிமை அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. நாயக்கன்கொட்டாயைச் சேர்ந்த இயக்கத் தோழர் பாலன் அந்த செப்டம்பரில் இறந்தார். அந்த ஊரில் அவருக்கும், 1970-இல் காணாமல் போன இயக்கத்தின் முதல் தலைமுறைத் தலைவர் அப்புவுக்கும் சிலை எழுப்பப்பட்டது. தகப்பனை இழந்த ஆய்வாளரின் மகளுக்கும், பிள்ளைகளை இழந்த தர்மபுரித் தாய்மார்களுக்கும் அந்த ஆண்டு ஒரே ஆண்டு.

மீன்சுருட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழரசனும் கலியபெருமாளும் கட்சியின் மைய நீரோட்டத்திலிருந்து விலகினர். காரணங்கள் இரண்டு. ஒன்று தேசிய இனம். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தனர். ஈழப் போராளிக் குழுக்களின் முகாம்கள் இங்கேயே இருந்தன. தமிழ்நாடும் ஒரு தேசமே, அதன் விடுதலையின்றிப் புரட்சி இல்லை என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். இரண்டாவது காரணம் சாதி. 1984-இல் தமிழ்நாடு பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிய-லெனினிய) உருவானது. அதன் ஆயுதப் பிரிவுதான் தமிழ்நாடு விடுதலைப் படை.

1985-இல் மீன்சுருட்டியில் கூடிய மாநாட்டில் சாதி ஒழிப்பையும் தமிழக விடுதலையையும் இணைத்த அறிக்கையைத் தமிழரசன் வைத்தார். இந்தியக் கம்யூனிஸ்டுகளில் பெரும்பாலோர் சாதியைப் பொருளாதார அடித்தளத்தின் மேல் நிற்கும் மேற்கட்டுமானமாகவே பார்த்தனர். புரட்சி வந்தால் அது தானே உதிர்ந்துவிடும் என்றனர். அறிக்கை இதை மறுத்தது. கூலிக்காரரும் சிறு விவசாயியும் வர்க்கமாகத் திரளவிடாமல் தடுப்பதே சாதிதான், ஆகவே அதை உடைப்பது புரட்சிக்குப் பிந்தைய வேலையல்ல, முந்தைய வேலை என்பது அதன் வாதம். வன்னிய உழைப்பாளி தன்னைப் பறையரைவிட உயர்ந்தவராக நினைக்கும்வரை இருவருக்கும் விடிவில்லை என்பதை, வன்னியர் பெரும்பான்மையான மண்ணில் நின்றுகொண்டே தமிழரசன் சொன்னார்.

அவர் விட்டுச்சென்றவற்றில் மிகவும் மதிப்புள்ளது இந்த அறிக்கைதான். தலித் இயக்கங்கள் தொண்ணூறுகளில் எழுந்து நின்று கேட்ட கேள்வியை அது முன்கூட்டியே கேட்டது. ஆனால் அந்தக் கேள்வியை ஊர் ஊராக எடுத்துச் செல்ல வெளிப்படையான மக்கள் அமைப்பு வேண்டும். பத்துப் பேர் கொண்ட ஆயுதக் குழுவால் அது ஆகாது. சாதியை உடைக்க, ஊரும் சேரியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். தலைமறைவில் இருப்பவர் எந்தத் திண்ணையிலும் உட்கார முடியாது. தமிழரசனின் வாழ்க்கையில் இந்த முரண் கடைசிவரை தீரவில்லை.

மருதையாற்றுப் பாலம்

அரியலூருக்கு அருகே மருதையாற்றின் மேல் செல்லும் ரயில் பாதை முன்பே ஒருமுறை நாட்டை உலுக்கியது. 1956 நவம்பர் 23 அன்று பெருமழை வெள்ளத்தில் பாலம் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் அதிகமானோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1987 மார்ச் 15 அன்று அதே ஆற்றுப் பாலத்தில் தமிழ்நாடு விடுதலைப் படை குண்டு வைத்தது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 25 பேர் இறந்தனர். பலர் உறுப்புகளை இழந்தனர்.

மத்திய அரசின் தமிழர் விரோதப் போக்கை எதிர்த்தே குண்டு வைக்கப்பட்டது, ரயில் வரும் முன்பே எச்சரிக்கை தரப்பட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்று இயக்கத்தின் ஆதரவாளர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். எச்சரிக்கை தரப்பட்டிருந்தாலும் கணக்கு மாறாது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடும் இரவு ரயிலில் யார் இருப்பார்கள் என்பது அந்த மண்ணில் பிறந்த எவருக்கும் தெரியும்: வேலை தேடிப் போனவர், மருத்துவமனைக்குப் போனவர், விடுப்பு முடிந்து திரும்பியவர். தமிழர் விடுதலைக்கென்று வைத்த குண்டில் செத்தவர்களும் தமிழரே. அவர்களில் ஒருவரின் பெயராவது தெரியுமா என்று கேட்டால், இந்த வரலாற்றைப் படித்தவர்களிலும் பெரும்பாலோர் பதிலின்றி நிற்பார்கள்.

இதே ஆண்டுகளில் கிரேக்கத்தில் 'நவம்பர் 17' என்ற தீவிர இடதுசாரிக் குழு ஏதென்ஸ் நகரில் இயங்கிவந்தது. 1973 நவம்பர் 17 அன்று ராணுவ ஆட்சியின் டாங்கி, பாலிடெக்னிக் மாணவர் எழுச்சியை நசுக்கிய நாளையே அது பெயராகக் கொண்டது. 1975 டிசம்பரில் அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ரிச்சர்ட் வெல்ச்சில் தொடங்கி 2000 ஜூனில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஸ்டீபன் சாண்டர்ஸ் வரை 23 பேரைக் கொன்றது. அதுவும் வங்கிகளைக் கொள்ளையடித்தே செலவைப் பார்த்தது. அதுவும் கையில் வெடித்த குண்டால்தான் அம்பலமானது: 2002 ஜூன் 29 அன்று பிரேயஸ் துறைமுகத்தில் குழு உறுப்பினர் சாவாஸ் சீரோஸ் வைக்கப்போன குண்டு முன்னதாகவே வெடிக்க, அவர் வழியே முழுக் குழுவும் சிக்கியது. குழுவின் இன்னொரு உறுப்பினரான, தேனீ வளர்த்துவந்த திமித்ரிஸ் குஃபோந்தினாஸ் அந்த செப்டம்பரில் சரணடைந்தார். 2003-இல் மாதக்கணக்கில் விசாரணை நடந்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் சாட்சி சொன்னார்கள், குற்றவாளிகள் தங்கள் அரசியலைச் சொன்னார்கள், தீர்ப்பு எழுதப்பட்டது. தமிழரசன் விஷயத்தில் அது நடக்கவில்லை. மருதையாற்றுக்கு அவர் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்லவில்லை. மக்களுக்கும் அவரிடம் கேட்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

பொன்பரப்பி

பாலம் வெடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தேடுதல் வேட்டை முந்திரிக்காடுகளை அலசிக்கொண்டிருந்தது. இயக்கத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. 1987 செப்டம்பர் 1 அன்று தமிழரசனும் தோழர்களும் பொன்பரப்பியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக்குள் நுழைந்தனர். திருட்டு என்று கூச்சல் எழுந்தது, ஆட்கள் கூடினர். பணத்துடன் வெளியே வந்தவர்களைக் கூட்டம் துரத்தியது. கல்லாலும் தடியாலும் அடித்தார்கள். தமிழரசன், தர்மலிங்கம், ஜெகநாதன், அன்பழகன், பழனிவேல் ஆகிய ஐவரும் இறந்தனர்.

அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. நினைத்திருந்தால் கூட்டத்தைச் சுட்டு வழி உண்டாக்கியிருக்கலாம். மக்களைச் சுட மறுத்தே செத்தார்கள் என்பது தோழர்கள் சொல்லும் நினைவு. கூட்டத்துக்குள் சாதாரண உடையில் போலீஸ் கலந்திருந்தது, தகவல் முன்பே கசிந்திருந்தது என்றும் சொல்கிறார்கள். காவல்துறை, கொள்ளையரை ஊர்மக்கள் மடக்கினார்கள் என்றது. தூண்டியது யாராயினும், அடித்த கைகள் ஊரின் கைகள். எந்த உழைப்பாளிகளைத் திரட்டப் படிப்பை விட்டு வந்தாரோ, அவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டு தலைமறைவும் சிறையுமான வாழ்க்கை ஒருவரை அவ்வளவு தூரம் ஊரிலிருந்து தள்ளிவிட்டிருந்தது.

அதே மாதம் 17 முதல் வன்னியர் சங்கத்தின் ஒருவார சாலை மறியல் வட தமிழ்நாட்டை நிறுத்தியது. துப்பாக்கிச் சூட்டில் பலியானோர் உட்பட 21 பேர் இறந்தனர். பின்னர் 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. தமிழரசன் வர்க்கமாகத் திரட்ட நினைத்த மக்கள் சாதியாகத் திரண்டு கோரிக்கையை வென்றார்கள். பொன்பரப்பியே 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், தலித் வீடுகள் தாக்கப்பட்டதால் மறுபடி செய்தியில் வந்தது. மீன்சுருட்டி அறிக்கை பேசிய நோய் அவர் செத்த ஊரில் அப்படியே இருந்தது.

எல்லைக் காட்டுக்கு வந்த படை

தலைவர் போன பிறகு படை பிளந்தது. தமிழர் தேசிய மீட்சிப் படை என்ற இன்னொரு குழுவும் தோன்றியது. தொண்ணூறுகளில் குள்ளஞ்சாவடி, ஆண்டிமடம், புத்தூர் காவல் நிலையங்களைத் தாக்கி ஆயுதங்களை எடுத்தார்கள். பிறகு சிலர் மேற்கே நகர்ந்து வீரப்பனோடு சேர்ந்தனர். 1998 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் வெள்ளித்திருப்பூர் காவல் நிலையம் தாக்கப்பட்டபோது இந்தக் கூட்டு வெளியே தெரிந்தது.

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து ராஜ்குமார் கடத்தப்பட்டார். அதுவரை வீரப்பன் கேட்டுவந்தது பொதுமன்னிப்பு. இந்தமுறை ஒலிநாடாவில் வந்தவை வேறு: காவிரி நீர், 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட கர்நாடகத் தமிழருக்கு இழப்பீடு, பெங்களூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் கூலி, நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கு விலை, வாச்சாத்தி மக்களுக்கு நிவாரணம், மைசூர்ச் சிறையின் தடா கைதிகள் விடுதலை, தமிழ்நாட்டுச் சிறையில் இருந்த இயக்கத்தவர் ஐவர் விடுதலை. காட்டில் கூட இருந்தவர்கள் யார் என்பதை இந்தப் பட்டியலே காட்டியது.

அந்த 108 நாள்களும் எல்லை ஊர்களுக்கு மூச்சுமுட்டும் நாள்கள். ஒசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், வேலைக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டித்தான். பெங்களூரில் கல்லெறி என்றால் முதலில் நிற்பது ஒசூர் வழிப் பேருந்து. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில் உயிருக்குப் பயந்து ஓடிவந்த தமிழ்க் குடும்பங்களை இந்த ஊர்கள் பார்த்திருந்தன. அதனால் 2000-இல் அச்சம் வெறும் வதந்தி அல்ல. தமிழர் நலனைச் சொல்லி நடந்த கடத்தல், கர்நாடகத்தில் கூலி வேலை செய்த தமிழரின் தலைமேல்தான் முதலில் கத்தியாகத் தொங்கியது.

கைதிகளை விடுவிக்க இரு மாநில அரசுகளும் இறங்கிவந்தபோது, வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் சென்றார். 2000 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் விடுதலைக்குத் தடை போட்டது. நவம்பர் 15 அன்று ராஜ்குமார் திரும்பினார். 2002-இல் தமிழ்நாடு விடுதலைப் படையும் தமிழர் தேசிய மீட்சிப் படையும் தடை செய்யப்பட்டன. இன்றும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் உள்ளன. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். கலியபெருமாள் 2007 மே 16 அன்று இறந்தார்.

நக்சல்பாரிகளில் மாவோயிஸ்டுகளாகத் தொடர்ந்தவர்களின் சுவடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அவ்வப்போது தென்பட்டது. 2002 நவம்பர் 24 அன்று ஊத்தங்கரை அருகே ஒருவர் சுடப்பட்டு, இளம்பெண்கள் உட்படப் பலர் பொடா சட்டத்தில் கைதாயினர். இந்த மாவட்டத்தைச் சேர்ந்த குப்பு தேவராஜ் 2016 நவம்பர் 24 அன்று நிலம்பூர்க் காட்டில் கேரளக் காவல்துறையால் கொல்லப்பட்டார். 2025 பிப்ரவரியில் கேரளக் காவல்துறை தேடிவந்த சந்தோஷ் பிடிபட்டது ஒசூரில். காட்டில் அல்ல, நகரத்தில்.

ஒலிநாடாவில் ஒலித்த கோரிக்கைகளுக்கு நடந்தது தனிக் கதை. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அன்றைய முதல்வர்கள் எடியூரப்பாவும் கருணாநிதியும் பேசி முடிவு செய்து திறந்தார்கள்; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் 18 பெண்களை வன்கொடுமை செய்து ஊரையே சூறையாடிய வழக்கில், மலைவாழ் மக்கள் சங்கமும் அந்தப் பெண்களும் 19 ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இறுதி செய்தது.